ஜஹீராபாத் சாலையில் பன்னிரண்டு நிமிடம்

எங்கள் மூன்று வண்டிகளின் மீதும் ஆலங்கட்டி மழை விழுந்தது 2023 மார்ச் 16, வியாழக்கிழமை பிற்பகலில். இடம், ஐதராபாத்திலிருந்து பீதர் செல்லும் வழியில் சதாசிவப்பேட்டைக்கும் ஜஹீராபாத்துக்கும் நடுவே, 65ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில், மர்ப்பள்ளிப் பக்கம், வயலும் தார்ச்சாலையும் வெள்ளை வெளேரென்று மூடிக்கிடந்த காணொளிகளை அந்த வாரம் பலர் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். அதே நாளில்தான் நாங்களும் மாட்டிக்கொண்டோம். அன்று வண்டிகளுக்கு என்ன ஆயிற்று, அதைச் சரிசெய்யப் பிறகு என்னென்ன செய்தோம், எது கைகொடுத்தது, எது கைவிட்டது என்பதை, நீண்ட பயணம் போகும் இருசக்கர வண்டிக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான், பெரியம்மா மகன் அண்ணன், என் மனைவியின் தம்பி என்று மூன்று பேர். என்னுடையது 2019 ஆகஸ்டில் வாங்கிய ஹிமாலயன். அண்ணனுடையது பத்தாண்டு ஓடிய பழைய கிளாசிக் 350. மைத்துனருடையது 2020இல் வாங்கிய பல்சர். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் ஓசூரிலிருந்து கிளம்பி, அனந்தபூர் வழியாகக் கர்னூலில் ஓர் இரவு தங்கி, புதன்கிழமை ஐதராபாத் சேர்ந்துவிட்டோம். மறுநாள் பீதர் கோட்டையையும், 1472இல் கட்டப்பட்ட மகமூது கவான் மதரசாவையும் பார்த்துவிட்டு, குல்பர்கா வழியாக ஊர் திரும்புவது என்பது திட்டம்.

மார்ச் மாதத்தில் தக்காணத்தில் வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று நினைத்து, தண்ணீர் பையும் பருத்தித் துணியும் நிறைய எடுத்துப் போயிருந்தோம். அந்த வாரம் தெலங்கானாவில் இடியும் ஆலங்கட்டியும் வரக்கூடும் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை சொல்லியிருந்தது. அதை நான் முதல்நாள் இரவு விடுதியில் படித்தேன். படித்தேனே தவிர, 'ஆலங்கட்டி' என்ற சொல் என் மனத்தில் எந்த அச்சத்தையும் உண்டாக்கவில்லை. சிறுவயதில் கோடை மழையோடு புளியங்கொட்டை அளவில் நாலைந்து கட்டிகள் முற்றத்தில் விழும். ஓடிப்போய்ப் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வோம். ஆலங்கட்டி என்றால் எனக்கு அதுவாகத்தான் இருந்தது.

சங்காரெட்டியைத் தாண்டும்போதே மேற்கே வானம் கறுத்திருந்தது. மழை மேகத்தின் சாம்பல் நிறம் அல்ல அது. அடிப்பகுதி மையிருட்டாகவும், அதற்குக் கீழே தொடுவானத்தை ஒட்டி ஒரு பச்சை கலந்த வெளிச்சமாகவும் இருந்தது. சதாசிவப்பேட்டை தாண்டிச் சில கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அகலமான கூரை, அதன் கீழே பத்து வண்டிகளைத் தாராளமாக நிறுத்தலாம். அண்ணன் வேகத்தைக் குறைத்து, "நின்னுட்டுப் போலாமா தம்பி?" என்று கையால் சாடை காட்டினார். மழை வந்தால் ரெயின்கோட் இருக்கிறதே, ஜஹீராபாத்தில் போய்ச் சாப்பிடலாம் என்று நான்தான் முன்னால் போகும்படி கைகாட்டினேன். அந்தப் பங்கைத் தாண்டி நாங்கள் போனது மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது.

முதலில் காற்று நின்றது. பிறகு எதிர்த்திசையிலிருந்து திடீரென்று குளிர்ந்த காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. வெயிலில் நாள் முழுக்க வெந்த உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சுகத்தில்தான் இன்னும் ஒரு நிமிடத்தைத் தொலைத்தோம். பெரிய துளிகள் இடைவெளி விட்டு விழுந்தன. அதன்பின் ஹெல்மெட்டின் மீது யாரோ கல்லெறிந்தது போல ஒரே ஓர் அடி விழுந்தது. தலையை உயர்த்திப் பார்ப்பதற்குள் சாலை முழுவதும் வெள்ளைக் கட்டிகள் முழங்கால் உயரத்துக்குத் துள்ளிக்கொண்டிருந்தன.

சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு தேநீர்க் கடை தெரிந்தது. அதுவரை போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் கையுறையின் வலைத்துணி வழியாக என் விரல் முட்டிகள் வீங்கின, தோளெலும்பில் கன்றிப்போனது, வண்டியின் முன்கண்ணாடித் தகடு நடுவில் விரிசல் விட்டது. தரையில் உருளும் பனிக்கட்டிகளின் மேல் சக்கரம் போவது கோலிக்குண்டுகளின் மேல் போவது போல. முன் பிரேக்கைத் தொட்டால் விழுவோம் என்று தெரிந்ததால், கியரைக் குறைத்துக் குறைத்துத்தான் ஓரம் கட்ட முடிந்தது. கடைக்காரர் வெளியே வந்து இரண்டு கைகளையும் ஆட்டி, "லோபலிக்கி ரண்டி, லோபலிக்கி ரண்டி" (உள்ளே வாருங்கள்) என்று தெலுங்கில் கத்தினார். நான் ஹேண்டிலில் இருந்த பையை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தேன். "வண்டி கிடக்கட்டும்டா, நீ உள்ள வா" என்று அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்குள் ஆறேழு பேருக்குத்தான் இடம். வண்டிகள் மூன்றும் வெளியே, வெட்டவெளியில். தகரக் கூரையின் மேல் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்கவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளும் என் காது ஓர் ஒலியைத் தனியாகப் பிரித்தெடுத்தது. நான் ஓசூரில் தகட்டு வேலை செய்யும் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக இருப்பவன். பெட்ரோல் நிறைந்த டேங்கின் மேல் அடி விழுந்தால் 'டொப்' என்று மந்தமாகவும், காலி டேங்கின் மேல் விழுந்தால் 'டங்' என்று கணீரென்றும் கேட்கும். காலையில்தான் நிரப்பியிருந்த என் வண்டியும், பாதிக்கு மேல் தீர்ந்திருந்த மைத்துனரின் வண்டியும் மாறி மாறி அடி வாங்குவதை, கதவருகே நின்று, ஒன்றும் செய்ய முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கைப்பேசியில் மணி பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

வெளியே வந்தபோது தரையில் கணுக்கால் மறையாத அளவுக்குக் கட்டிகள் கிடந்தன. பெரும்பாலானவை கோலிக்குண்டு அளவு. இடையிடையே பெருநெல்லிக்காய் அளவில் சில. அப்படி ஒன்றை எடுத்துக் கடையின் படிக்கல்லில் தட்டினேன். இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெங்காயத்தை நறுக்கியது போல வளையம் வளையமாக இருந்தது: நடுவில் பால் போன்ற வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு வளையம், மீண்டும் வெள்ளை, மீண்டும் கண்ணாடி. இடிமேகத்துக்குள் மேல்நோக்கி வீசும் காற்று, நாலைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகளுக்கு நடுவில் இந்தக் கட்டியைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. துளி ஒட்டிய கணத்திலேயே உறைந்தால் காற்றுக்குமிழிகள் உள்ளே சிக்கி வெள்ளையாகிறது. மெதுவாக உறைந்தால் குமிழிகள் வெளியேறித் தெளிவாகிறது. காற்றால் தாங்க முடியாத எடை வந்ததும் கீழே விழுகிறது. நிலம் சூடாகி, கீழே ஈரக்காற்றும் மேலே வறண்ட குளிர்காற்றும் சேரும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் தக்காணத்தில் இது அதிசயமல்ல. எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் முற்றத்தில் பொறுக்கித் தின்ற கட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு பெரியது. கட்டியின் விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். விழும் வேகமும் கூடுவதால் தாக்கும் ஆற்றல் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். இரண்டரை சென்டிமீட்டர் முதல் நாலரை சென்டிமீட்டர் வரையுள்ள கட்டிகள் மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் விழும் என்பது பொதுவான கணக்கு. 50 கிலோமீட்டர் வேகத்தில் செங்குத்தாக விழும் கட்டி, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை ஏறக்குறைய 78 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது. நின்ற வண்டி வாங்கும் அடியைப் போல அது கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. ஆகவே "வேகமாக ஓட்டித் தாண்டிவிடலாம்" என்ற எண்ணம் முழுத் தவறு. நின்றால்தான் அடி குறையும். 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் பக்கம் பெய்த ஆலங்கட்டியில் 246 பேர் இறந்தார்கள் என்றும், உலகில் ஆலங்கட்டியால் ஏற்பட்ட மிகப் பெரிய உயிரிழப்பு அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பதிவு செய்திருக்கிறது என்றும் ஊருக்கு வந்த பிறகுதான் படித்தேன். கூரையற்ற வெளியில் மனிதன் என்ன ஆவான் என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

வண்டிகளைப் பார்த்தோம். என்னுடையதில் முன்கண்ணாடித் தகடு, ஓர் இண்டிகேட்டர், இரண்டு பக்கக் கண்ணாடிகள், மேல்நோக்கி இருக்கும் மீட்டரின் மூடி ஆகியவை உடைந்திருந்தன. பல்சரில் பின்விளக்கும் முன்பக்க மாஸ்க்கும் உடைந்து, டேங்கில்தான் அடி அதிகம். கிளாசிக்கில் எல்லாமே இரும்பு என்பதால் எதுவும் உடையவில்லை. ஆனால் டேங்க், முன் மட்கார்டு, பக்கப் பெட்டிகள் என்று எல்லா இடத்திலும் ஒடுக்கு விழுந்திருந்தது. எங்கள் பட்டறையில் இதை ஒடுக்கு என்றுதான் சொல்வோம். வெளிச்சம் நேராக விழும்போது ஒடுக்கு தெரியாது. கைப்பேசியின் டார்ச்சை டேங்கின் பக்கவாட்டில், தகட்டை ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் நிழல் கட்டித் தெரியும். மைத்துனர் கடைக்காரரிடம் சுண்ணாம்பு வாங்கி ஒவ்வொன்றையும் வட்டமிட்டார். அவருடையதில் பதினான்கு.

எங்கள் இழப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களை நிறுத்தியது, கடைக்காரர் சாலையின் மறுபுறம் கைநீட்டியதுதான். அங்கே அவருடைய தம்பியின் மாந்தோப்பு. பிஞ்சுகள் இலையோடு உதிர்ந்து, வெள்ளைக் கட்டிகளின் மேல் பச்சை விரிப்பாகக் கிடந்தன. அப்பால் கொண்டைக்கடலை அறுவடைக்கு நின்ற நிலம் மிதிபட்டது போல் ஆகியிருந்தது. "ராள்ள வான" என்று மட்டும் சொன்னார்; கல் மழை. மறுவாரம், 23ஆம் தேதி, அப்போதைய முதல்வர் சந்திரசேகர ராவ் பயிர் இழந்தவர்களுக்கு ஏக்கருக்கு 10,000 ரூபாய் என்று அறிவித்த செய்தியைப் படித்தபோது அந்தத் தோப்புதான் நினைவுக்கு வந்தது. தேநீருக்குக் காசு வாங்க அவர் மறுத்துவிட்டார். அண்ணன் கட்டாயப்படுத்திக் கல்லாவில் வைத்துவிட்டு வந்தார்.

அங்கிருந்து கிளம்பும்போது இன்னொரு சிக்கல். கிளாசிக் இரண்டு கிலோமீட்டர் ஓடி, இருமி நின்றது. டேங்க் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் கட்டிகள் குவிந்து உருகியிருந்தன. அந்தத் தண்ணீர் வழிந்து போவதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. பழைய வண்டியில் அது மண் அடைத்திருந்தது. மூடியின் ரப்பரும் தளர்ந்திருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது. அடியில் தங்கி முதலில் அதுதான் இன்ஜினுக்குப் போகும். குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் பிடித்தபோது அடியில் தண்ணீரும் மேலே பெட்ரோலுமாகத் தனித்தனியே நின்றது. தெளிவாக வரும்வரை இறக்கிவிட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. அந்தத் துளையை ஒரு மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய அரை நிமிடம் போதும். மழைக்காலத்துக்கு முன் எல்லோரும் செய்துவிடுங்கள்.

பீதரில் அன்றிரவு தங்கி, கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு, குல்பர்காவை விட்டுவிட்டு ஊர் திரும்பினோம். வழிநெடுக வானம் தெளிவாக இருந்தது.

இனிக் காப்பீடு. இதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களுக்குள் ஒருவர் பெரிதாக இழந்தது ஆலங்கட்டியால் அல்ல, இதனால்தான்.

நம் நாட்டு வாகனக் காப்பீட்டில், சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில், வெள்ளம், புயல், சூறாவளி ஆகியவற்றோடு ஆலங்கட்டி மழையும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. எனவே முழுக் காப்பீடு வைத்திருப்பவர் தயங்க வேண்டியதே இல்லை. ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் ஒரு ரூபாயும் வராது. அது நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். வண்டிச் சேதத்துக்கான பகுதியோ பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்படுகிறது. மைத்துனர் கையில் இருந்த தாளில் 2025 வரை என்று போட்டிருந்தது. அது மூன்றாம் நபர் பகுதி. வண்டிச் சேதப் பகுதி 2021லேயே முடிந்துபோயிருந்தது. போலீஸ் சோதனையில் அந்தத் தாளைக் காட்டினால் விட்டுவிடுவார்கள் என்பதால், இரண்டு ஆண்டுகளாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. படித்த, பொறுப்பான பையன். வருடம் தவறாமல் சர்வீஸ் விடுபவன். தாளின் முதல் பக்கத்தில் இரண்டு தேதிகள் இருக்கும். தயவுசெய்து இரண்டையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

எனக்கு இரண்டு பகுதியும் நடப்பில் இருந்தன. பீதர் விடுதியிலிருந்தே இலவசத் தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கிவிட்டேன். ஓசூரில் வண்டியைப் பார்க்க வந்த மதிப்பீட்டாளர், "இந்தப் பக்கம் ஆலங்கட்டி ஏதும் பெய்யவில்லையே" என்று நியாயமாகவே கேட்டார். டேங்கின் மேல் கட்டிகள் உருகாமல் கிடக்க, பின்னால் கடையின் தெலுங்குப் பலகை தெரிய, அண்ணன் எடுத்த ஒரு படம் அந்தக் கேள்வியை முடித்துவைத்தது. பனி அரை மணி நேரத்தில் உருகிவிடும். ஆகவே உடைந்த பாகத்தைப் படம் எடுப்பதற்கு முன், பனியோடு வண்டியையும், வண்டியோடு இடத்தையும் எடுங்கள். மதிப்பீடு முடியும் வரை எதையும் கழற்றி மாற்றாதீர்கள்.

கிடைத்த தொகை ஏன் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு வண்டியின் வயது எதுவானாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இரும்புப் பாகங்களுக்கு வயதைப் பொறுத்து. மூன்று முதல் நான்கு ஆண்டு வண்டிக்கு 25 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவில்லை. அதற்கு மேல், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி அடுத்த புதுப்பிப்பில் சுழியத்துக்கு வந்துவிடும். என் கணக்கில் கோரியதுதான் லாபம்; ஓர் இண்டிகேட்டர் மட்டும் உடைந்திருந்தால் கோரியிருக்க மாட்டேன். தேய்மானம் கழிக்காத கூடுதல் பிரிவு ஒன்று உண்டு. பிளாஸ்டிக் அதிகமுள்ள இன்றைய வண்டிகளுக்கு அதை எடுப்பது நல்லது என்பது என் எண்ணம்.

ஒடுக்கு எடுக்கும் வேலை என் தொழிலைச் சேர்ந்தது. காரின் கதவு என்றால் உள்ளே கம்பியை நுழைத்து, பின்புறமிருந்து நெம்பி, பெயின்ட் கெடாமலே தகட்டை எழுப்பலாம். பெட்ரோல் டேங்கில் அது கடினம். கை போக வழி மூடி வாய் ஒன்றுதான். அடியில் வண்டிச் சட்டத்தின் மேல் உட்காருவதற்கு வளைத்த இன்னொரு தகடு குறுக்கே நிற்கும். எனவே பசையால் ஒரு பிடியை வெளியே ஒட்டி இழுப்பதுதான் முதல் வழி. தகடு வளைந்திருக்கும் ஓரங்களில் விறைப்பு அதிகம்; அங்கே விழுந்த ஒடுக்கு எளிதில் எழாது. அகன்ற பக்கங்களில் விழுந்தது எழும், ஆனால் அடி வாங்கிய இடத்தில் தகடு நீண்டுவிட்டிருந்தால் அமுக்கியதும் மறுபடி உள்ளே போய் 'டப்' என்று வெளியே வரும். அப்படிப்பட்ட இடத்தில் பட்டி பார்த்துத்தான் ஆக வேண்டும். வெல்டு வைத்து இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். காலியான டேங்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது; பட்டறைகளில் அதனால் உயிர் போயிருக்கிறது. பெயின்ட் உதிர்ந்த ஒடுக்கை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஒரே மழைக்காலத்தில் துரு பிடித்துவிடும்.

என் டேங்கில் பதினொன்றில் ஒன்பதை எடுத்தோம். அண்ணன் கிளாசிக்கைத் தொடவே வேண்டாம் என்றுவிட்டார். பெயின்ட் போன இடங்களில் மட்டும் தொட்டுப் பூசினோம்.

இப்போது மூன்று வண்டியிலும் பையின் மேல்பக்கத்தில், எட்டிய கைக்கு வரும்படி, ஒரு தடித்த யோகா விரிப்பும் இரண்டு ரப்பர் பட்டைகளும் இருக்கின்றன. டேங்கையும் மீட்டரையும் மூட அது போதும்; ஆனால் தலைக்குக் கூரை கிடைத்த பிறகுதான் அதைத் தேட வேண்டும். மரத்தடி வேண்டாம், மின்னலும் முறியும் கிளையும் அங்கேதான் வரும். மேம்பாலத்தின் கீழ் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம், பின்னால் வரும் லாரிக்கு நாம் தெரிய மாட்டோம். பெட்ரோல் பங்க் அல்லது சுங்கச்சாவடிக் கூரையின் ஓரம் நல்லது. மேற்கே அந்தப் பச்சை கலந்த கறுப்பு தெரிந்தால், அடுத்து வரும் கூரையில் நிற்பது என்று பேசி வைத்திருக்கிறோம். யார் கை காட்டினாலும் மற்ற இருவரும் மறுபேச்சுப் பேசக் கூடாது. இதை அண்ணனிடம் நான்தான் முதலில் சொன்னேன்.

மைத்துனர் ஏப்ரலில் வண்டிச் சேதப் பகுதியைத் திரும்ப எடுத்தார். விட்டுப்போன காப்பீடு என்பதால், வண்டியை நேரில் பார்த்த பிறகே தருவோம் என்றார்கள். பார்க்க வந்தவர் டேங்கின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து நிதானமாக எண்ணி, ஏற்கெனவே உள்ள சேதம் என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டு போனார்: டேங்க், ஒடுக்கு, பதினான்கு.